கோவையில் ஒளித்த பெயரைச் சென்னையில் அச்சிட்டவர்

கோயம்புத்தூரில் படித்த காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் மணி அடிக்கும்வரை வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்பே உள்ளே நுழைவார். வகுப்பு முடிந்ததும் சக மாணவர்கள் நெருங்குவதற்குள் விரைந்து வீடு சேர்ந்துவிடுவார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். பழகினால் ஊரையும் உறவையும் குடியிருப்பையும் விசாரிப்பார்கள், விசாரித்தால் சாதி வெளிப்பட்டுவிடும் என்பதே அவர் அச்சம். செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்து கொங்கு மண்ணுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞன், நட்பு என்பதையே தனக்கு விலக்கிக்கொண்டு கல்வி கற்றான்.

கோவை நீதிமன்றங்களில் வழக்காடும் நமக்கு இந்த அச்சம் பழங்கதையாகத் தோன்றவில்லை. வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் நம் இளைஞர்களிடம் வீட்டுக்காரர் நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்றுதான் கேட்கிறார். மூன்றாவது கேள்விக்குள் அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடுகிறது. சூழலுக்கேற்ப மாறிக்கொள்ளுங்கள் என்று நம் மக்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். அவர்கள் கூறும் மாற்றம் பெரும்பாலும் இந்த ஒளிதலைத்தான் குறிக்கிறது.

சீனிவாசன் ஏற்ற மாற்றம் அதற்கு நேர் எதிரானது. படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். பாதுகாப்பான வேலை அது. அதை விட்டு 1890இல் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்களில் ஓர் இதழ் தொடங்கினார். எந்தச் சொல் வெளிப்பட்டுவிடும் என்று கோவையில் அஞ்சினாரோ, அந்தச் சொல்லையே இதழுக்குப் பெயராக்கினார்: 'பறையன்'. 1900 வரை அது வெளிவந்தது.

அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியைத் தேர்ந்தார். அப்பெயர் பகைவர்கள் சுமத்திய இழிவு எனக் கருதி அதை மறுத்தார், பௌத்தத்தைத் தழுவினார். யார் சரி என்று தீர்ப்பெழுத நாம் முற்படவில்லை. பெயரை உதறியவருக்கும் அதை உயர்த்திப் பிடித்தவருக்கும் மறைந்து வாழும் எண்ணம் இல்லை என்பதே நமக்கு முக்கியம்.

1900இல் இலண்டனை நோக்கிப் புறப்பட்டவர் வழியில் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல்தான் நாடு திரும்பினார். இருபதாண்டு இடைவெளி ஓர் இயக்கத்துக்குப் பேரிழப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானத்தை வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நகரிலும் கிராமத்திலும் உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் சாதி இந்துக்களுக்குள்ள அளவு உரிமை அவர்களுக்கும் உண்டு. நடப்பதற்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் தேவைப்பட்டது! அதை மீறுவோர்க்குத் தண்டனை இல்லை என்பது பெருங்குறை. எனினும் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15, 17ஆம் பிரிவுகளைப் படிக்கும்போது அத்தீர்மானத்தின் தடம் நமக்குத் தெரிகிறது. ஒளிந்து நடந்தவர் அன்று மாறச் சொன்னது தெருவைத்தான். அந்தத் தெரு எவ்வளவு மாறியது என்பதற்கு, 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து விழுந்து மாண்ட 17 தலித் உயிர்களே சான்று.

விரும்பாத மாற்றத்தையும் அவர் ஏற்க நேர்ந்தது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து தனித்தொகுதி கோரினார். அது கிடைத்தது. ஆனால் காந்தியின் உண்ணாவிரதத்தின் முன் 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் உருவானது. அதில் அவரும் கையொப்பமிட்டார். இடங்கள் 148 ஆக உயர்ந்தன. தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. நெருக்கடியில் பெறப்பட்ட ஒப்புதலை மனமாற்றம் என்று எழுதும் வரலாற்றாசிரியர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

1939இல், ஏறத்தாழ எண்பது வயதில், தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டார். அப்போது அவர் திவான் பகதூர், அரசரைச் சந்தித்தவர். கோவையில் அஞ்சி ஒதுங்கிய மாணவப் பருவத்தை அவர் எளிதாக விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. வகுப்பறைக்கு வெளியே காத்திருந்ததையும் வீட்டுக்கு விரைந்ததையும் தம் கையாலேயே எழுதிவைத்துவிட்டு, 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.