டி. என். ராஜரத்தினம் பிள்ளை

டி. என். ராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்டு 27, 1898 - டிசம்பர் 12, 1956) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். நாதசுவரச் சக்கரவர்த்தி என அழைக்கப்பட்ட இவர், தோடி இராக ஆலாபனைக்குப் பெயர் பெற்றவர். வீதிகளில் ஒலித்துவந்த நாதசுவர இசைக்குக் கச்சேரி மேடையில் வாய்ப்பாட்டுக்கு இணையான மதிப்பைப் பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர்.

பின்னணி

நாதசுவரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை சேர்ந்த குழு பெரிய மேளம் எனப்படும். கோயில் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் வாசிக்கப்படுவதால், இவ்விசையை ஊரார் அனைவரும் கட்டணமின்றிக் கேட்க முடிந்தது. காவிரிப் படுகையின் கோயில்களும் சைவ மடங்களும், செட்டிநாட்டு நகரத்தார் இல்லத் திருமணங்களும் இக்கலைஞர்களை ஆதரித்தன. எனினும் பெரும்பாலும் இசை வேளாளர் சமூகத்தவரான இவர்கள், பல இடங்களில் மேலாடையின்றி நின்றபடியே வாசிக்க வேண்டியிருந்தது. காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடியில் பிறந்த இராமானுஜ ஐயங்கார் போன்ற பாடகர்கள் மேடையில் அமர்ந்து பெற்ற மதிப்பு இவர்களுக்குக் கிட்டவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

ராஜரத்தினம் திருமருகலில் குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள் இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதசுவரக் கலைஞராக இருந்த தாய்மாமன் திருமருகல் நடேசப் பிள்ளை இவரைத் தத்தெடுத்து வளர்த்தார். திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதசுவரமும் பயின்றார். வாய்ப்பாட்டுப் பயிற்சியின் தாக்கம் இவரது நீண்ட ஆலாபனைகளில் வெளிப்பட்டது. பின்னர் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் விளங்கினார்.

மாற்றங்கள்

அக்காலத்தில் பரவலாக இருந்த திமிரி நாதசுவரம் குட்டையானது. சுருதி மிக உயர்ந்தது. திறந்த வெளியில் நெடுந்தொலைவு கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்திமம் சரியாக அமையவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, ராஜரத்தினத்தின் தேவைக்கேற்ப நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதசுவரத்தை வடிவமைத்தார். இதன் கனத்த ஒலி அரங்கிற்கும் பொருந்தியது. இடைவிடாது ஊதப்படும் ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவையும் இவர் பயன்படுத்தினார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் கலைஞர்கள் இவருடன் வாசித்துள்ளனர்.

இவர் குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டையும் கோட்டும் அணிந்தார். மேடையில் அமர்ந்தே வாசிப்பதில் உறுதியாக இருந்தார். இவற்றைச் சிலர் செருக்கு எனக் கருதினர். ஆயினும் பிற நாதசுவரக் கலைஞர்களும் மதிப்புடன் மேடையேற இவை வழிவகுத்தன. வானொலியும் இசைத்தட்டுகளும் இவரது இசையைத் தமிழகத்துக்கு வெளியேயும் கொண்டு சென்றன.

பிற பங்களிப்புகள்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் (1940) திரைப்படத்தில் தலைமை வேடத்தில் நடித்தார். ஆகஸ்டு 14, 1947 அன்று தில்லியில், ஜவகர்லால் நேருவிடம் செங்கோல் வழங்கிய திருவாவடுதுறை ஆதீனக் குழுவினருடன் சென்று நாதசுவரம் வாசித்தார்.

மறைவும் மரபும்

ராஜரத்தினம் 1956 ஆம் ஆண்டு சென்னையில் காலமானார். இவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964), கொஞ்சும் சலங்கை (1962) திரைப்படப் பாடலுக்கு வாசித்ததன் மூலம் பெரும் புகழ் பெற்றார். நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கோயில்களிலும் திருமணங்களிலும் கச்சேரிகளிலும் பெரும்பாலும் ஒலிப்பது பாரி நாதசுவரமே ஆகும்.