கை நடுக்கமும் டாக்டர் ராமமூர்த்தியும்



நம் பொதட்டூர்பேட்டை தறி ஊர். இங்கே கைதான் பிழைப்பு. நான் வங்கிக் கவுன்ட்டரில் இருந்தபோது வயதான நெசவாளர் ஒருவர் பணம் எடுக்க வருவார். கை நடுங்குவதால் அவர் போடும் கையெழுத்து எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை கைநாட்டு வைத்துப் பணம் வாங்கிப் போனார். வயசாகிவிட்டது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். அது மூளையில் வரும் நோயாக இருக்கலாம், சென்னை ஜி.எச்.சிலேயே அதற்கு வைத்தியம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த வைத்தியத்தை அங்கே வளர்த்த டாக்டர் பி. ராமமூர்த்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் 1922 ஜனவரி 30 அன்று சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1950-ல் ஜி.எச்.சில் அதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் பிரிவைத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அன்று ஸ்கேன் கிடையாது. மூளைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கட்டி எந்த இடம் என்று கணிக்க வேண்டும். தலையில் கத்தி வைத்தால் பிழைப்பதில்லை என்று ஜனங்கள் பயந்த காலம். 1951-ல் ஜேக்கப் சாண்டி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்.

1960-களில் நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, அவரது குழு அறுவை சிகிச்சை செய்தது. தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அளந்த ஆழத்துக்கு மெல்லிய கம்பியை இறக்கி, நடுக்கத்துக்குக் காரணமான சிறு இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்வார்கள். இந்த முறையில் நோயாளி விழித்தே இருப்பார். தன் கை அடங்குவதைத் தானே பார்க்கலாம். டாக்டர் வி. பாலசுப்ரமணியம், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள்.

1973-ல் ராமமூர்த்திக்கு பத்மபூஷண் கிடைத்தது. அரசுப் பணிக்குப் பிறகு அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மையத்தை வளர்த்தார். தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 2003 டிசம்பர் 13 அன்று காலமானார்.

ஜி.எச். நம் ஊரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்தால் அரை நாள் பயணம். நான் திருப்பி அனுப்பிய நாளில் அந்தப் பெரியவரிடம் இதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். கணக்கில் சரியாக இருந்தேன், விஷயத்தில் தவறிவிட்டேன்.

நம் பிளாக்கில் யாருக்காவது கை நடுங்கினால், எழுத்து சிறுத்துப் போனால், நடை தளர்ந்தால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. எது என்று நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.