நிற்காமல் ஓடும் ரயிலிலேயே தண்ணீர் பிடித்த இன்ஜின்... யார் இந்த ஜான் ராம்ஸ்பாட்டம்?

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் பக்கம் இருக்கிற பெரியவர்களிடம் கரி ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கருப்புப் புகை, கண்ணில் விழுந்த கரித்தூள், தூரத்தில் கேட்ட கூவல் என்று வரிசையாகச் சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: வண்டி ஸ்டேஷனில் நின்றால் சீக்கிரம் கிளம்பாது, இன்ஜின் தண்ணி குடிச்சிட்டுதான் கிளம்பும்!

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகும் பாதை 1930 வாக்கில் முழுமையானது. அரிமளத்துக்காரர்களுக்குப் பக்கத்து ரயில் பாதை இதுதான். கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தே வருஷத்தைக் கணக்குப் போடும் வறண்ட பூமி இது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீருக்காகக் காத்து நிற்பது ஒன்றும் புதுசு இல்லை.

ஆனால் இந்தப் பாதை வருவதற்கு 70 வருஷம் முன்பே, ஒரு மனிதர் ரயிலை நிறுத்தாமல் தண்ணீர் பிடிக்க வழி கண்டுபிடித்துவிட்டார். உங்கள் வீட்டு பைக்குக்குள்ளும் அவருடைய கண்டுபிடிப்பு ஒன்று இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்தான் ஜான் ராம்ஸ்பாட்டம்.

டெண்டர் என்றால் என்ன?

ரோடு போட விடுகிற டெண்டர் இல்லை இது. நீராவி இன்ஜினுக்குப் பின்னாடியே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பெட்டி இருக்கும் இல்லையா, அதற்குப் பெயர்தான் டெண்டர். அதில் இரண்டு சரக்கு: நிலக்கரியும் தண்ணீரும்.

இன்ஜினுக்குக் கரிதான் உயிர் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் சீக்கிரம் தீர்ந்துபோவது தண்ணீர்தான். 1 கிலோ நிலக்கரி எரிந்தால் சுமார் 6 முதல் 8 லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். அந்த ஆவி பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. அதனால்தான் கரி மிச்சம் இருந்தாலும் தண்ணீருக்காக வண்டி நின்றே ஆக வேண்டும்.

அப்படியென்றால் டெண்டரைப் பெரிசாகக் கட்டினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 1,000 லிட்டர் தண்ணீர் 1 டன் எடை. தண்ணீர் கூடினால் எடை கூடும், அந்த எடையை இழுக்க இன்னும் ஆவி வேண்டும், அதற்கு இன்னும் தண்ணீர் வேண்டும். தன் சாப்பாட்டு மூட்டையைச் சுமக்கவே பாதி பலத்தைச் செலவு செய்யும் ஆள் மாதிரி ஆகிவிடும் இன்ஜின்.

நூற்பாலை முதலாளியின் மகன்

1814 செப்டம்பர் 11-ல் இங்கிலாந்தின் டாட்மார்டன் என்ற ஊரில் பிறந்தார் ராம்ஸ்பாட்டம். பருத்தி ஆலைகள் நிறைந்த ஊர் அது. நம்ம பக்கத்துக்குச் சொன்னால் ராஜபாளையம் மாதிரி. அப்பாவுக்கு நீராவியில் ஓடும் பருத்தி ஆலை இருந்தது. பெரிய கல்லூரிப் படிப்பு எதுவும் இல்லை. ஆலை மெஷின்களுக்கு நடுவில் கையைக் கருப்பாக்கிக் கற்றுக்கொண்டதுதான் படிப்பு.

20 வயதிலேயே, 1834-ல், இன்னொருவருடன் சேர்ந்து விசைத்தறிக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும் ஏற்பாடு அது. ஆள் கவனிக்காவிட்டாலும் மெஷினே தப்பைக் கண்டுபிடித்து நிற்க வேண்டும் என்பது யோசனை. இந்தக் குணம் அவர் பின்னால் செய்த வேலைகளிலும் தெரியும்.

பிறகு மான்செஸ்டருக்குப் போய், இன்ஜின் கட்டும் ஷார்ப் ராபர்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். 1842-ல், 28 வயதுக்குள், மான்செஸ்டர் - பர்மிங்ஹாம் ரயில்வேயின் இன்ஜின் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டார். 1846-ல் அந்தக் கம்பெனி லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே என்ற பெரிய நிறுவனத்தில் ஒரு பகுதியானது.

உங்கள் பைக்குக்குள் இருப்பது அவர் வேலைதான்

அந்தக் காலத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஆவி கசியாமல் அடைப்பது பெரிய தலைவலி. கனமான, சிக்கலான அடைப்புகளைப் போட்டுப் பார்த்தார்கள். தேயும், உரசும், அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டும்.

1852-ல் ராம்ஸ்பாட்டம் கொண்டுவந்த தீர்வு ரொம்பவே எளிமை. பிஸ்டனைச் சுற்றிக் குறுகிய பள்ளங்கள் வெட்டி, ஒரு இடத்தில் வெட்டு விட்ட மெல்லிய வளையங்களை அதில் மாட்டினார். ஸ்பிரிங் மாதிரி விரியும் அந்த வளையம் சிலிண்டர் சுவரோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்கு மெக்கானிக் கடையில் பிஸ்டன் ரிங் போயிடுச்சு என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்த ரிங்குக்கு மூதாதை இதுதான். பெட்ரோல் பைக், டீசல் டிராக்டர், லாரி என்று பிஸ்டன் உள்ள வண்டி எதுவாக இருந்தாலும் இந்த யோசனை உள்ளே இருக்கும்.

குக்கர் வெயிட்டும் பாய்லர் வெடிப்பும்

குக்கரில் வெயிட் தூக்கி விசில் அடிப்பது எதற்கு? உள்ளே அழுத்தம் எல்லை தாண்டக் கூடாது என்பதற்காக. ரயில் பாய்லருக்கும் அதே மாதிரி ஒரு சேஃப்டி வால்வு உண்டு. ஆனால் அன்றைக்குச் சில டிரைவர்கள் மேட்டில் வண்டி திணறும்போது கூடுதல் பலம் கிடைக்கட்டும் என்று அந்த வால்வை இறுக்கிவிடுவார்கள். குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல்லை வைப்பது போன்ற வேலை இது. பாய்லர் வெடித்து ஆட்கள் செத்தார்கள்.

ஆட்களைத் திட்டுவதால் மட்டும் இது தீராது என்று புரிந்துகொண்டார் ராம்ஸ்பாட்டம். 1850-களின் நடுவில் அவர் அமைத்த வால்வில் இரண்டு துவாரங்கள், நடுவில் ஒரே ஸ்பிரிங், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு நெம்புகோல். நெம்புகோலை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தளர்ந்து ஆவி வெளியேறிவிடும். வால்வு வேலை செய்கிறதா என்று டிரைவர் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் அழுத்தத்தைக் கூட்ட முடியாது. பிரிட்டனில் இந்த வால்வு பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

2 மணி 5 நிமிஷம்: தபால் ரயில் கொடுத்த நெருக்கடி

1857-ல் க்ரூ நகரத்துப் பணிமனைப் பொறுப்பு ராம்ஸ்பாட்டத்துக்கு வந்தது. அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் ஃபிரான்சிஸ் ட்ரெவிதிக். 1804-லேயே தண்டவாளத்தில் நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் மகன் அவர்.

அப்போதுதான் ஒரு நெருக்கடி. லண்டனிலிருந்து அயர்லாந்துக்குத் தபால் கொண்டுபோகும் ஐரிஷ் மெயில் ரயிலை வேகப்படுத்த வேண்டும் என்று முடிவானது. செஸ்டரிலிருந்து கப்பல் துறையான ஹோலிஹெட் வரை சுமார் 136 கிலோமீட்டர். அதை 2 மணி 5 நிமிஷத்தில், நடுவில் நிற்காமல் கடக்க வேண்டும். சராசரியாக மணிக்கு 65 கி.மீ. வேகம்.

இன்ஜினால் அந்த வேகத்தில் போக முடியும். ஆனால் காற்றும் மழையும் மோசமாக இருக்கும் நாளில் டெண்டரில் இருக்கும் தண்ணீர் அவ்வளவு தூரத்துக்குப் போதாது. நடுவில் தண்ணீருக்கு நிறுத்தினால் நேரம் போச்சு. பெரிய டெண்டர் கட்டினால் எடை போச்சு. என்னதான் செய்வது?

டெண்டரைப் பெரிசாக்கவில்லை, வாய் வைத்தார்

ராம்ஸ்பாட்டம் கேள்வியையே மாற்றினார். எவ்வளவு தண்ணீரைச் சுமக்கலாம் என்று கேட்காமல், எதற்காகச் சுமக்க வேண்டும் என்று கேட்டார். வழியிலேயே தண்ணீரை வைத்துவிட்டு, டெண்டருக்கு ஒரு வாய் கொடுத்தால் போதுமே!

வடக்கு வேல்ஸில் மோக்ட்ரே என்ற இடத்தில் 1860-ல் உலகின் முதல் தண்ணீர்த் தொட்டிப் பாதை அமைந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு, ஆழமில்லாத இரும்புத் தொட்டி. நம்ம வயல் வாய்க்கால் மாதிரி, ஆனால் கொஞ்சமும் சரிவு இல்லாமல் மட்டமாக.

டெண்டரின் அடியில் சுமார் 25 சென்டிமீட்டர் அகலத்தில், முன்னோக்கி வளைந்த ஒரு அகப்பை. வண்டி தொட்டிக்கு மேல் வந்ததும் ஃபயர்மேன் கைப்பிடியைத் திருப்பி அகப்பையைக் கீழே இறக்குவார். அது தண்ணீருக்குள் 5 சென்டிமீட்டர் அளவுக்கு மூழ்கும். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. வண்டி ஓடும் வேகமே தண்ணீரைக் குழாய் வழியாக மேலே தள்ளி டெண்டருக்குள் கொட்டிவிடும்.

எப்படி மேலே ஏறுது? ஓடும் படகில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தால், தண்ணீர் முழங்கை வரை ஏறி அடிக்கும் இல்லையா? அதே கதைதான். மணிக்கு 24 கி.மீ. வேகம் இருந்தால் தண்ணீர் சுமார் 2.3 மீட்டர் உயரம் ஏறும் என்பது கணக்கு. உரசல் இழப்பெல்லாம் போக, நடைமுறையில் 35 கி.மீ. வேகமாவது தேவைப்பட்டது.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? நீங்களே கணக்குப் போடலாம். அகலம் 25 செ.மீ., ஆழம் 5 செ.மீ., நீளம் 400 மீட்டர். பெருக்கினால் 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர். 65 கி.மீ. வேகத்தில் அந்த 400 மீட்டரைக் கடக்க 22 விநாடிதான் ஆகும். ஒரு சின்ன டேங்கர் லாரி தண்ணீரை அரை நிமிஷத்துக்குள், வண்டியை நிறுத்தாமல் பிடித்துவிடலாம். 5 டன் எடையை ஆரம்பத்திலிருந்தே சுமந்து வரும் வேலையும் மிச்சம்.

சிக்கலே இல்லையா?

நிறையவே இருந்தது. குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் உறைந்துபோகும், ஐஸை உடைக்க வேண்டும். ஃபயர்மேன் அகப்பையைத் தூக்க ஒரு நொடி தாமதித்தாலும் டெண்டர் நிரம்பி வழிந்து, பின்னாடி வரும் முதல் பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்தவர்கள் நனைந்துபோவார்கள். ஒரு வண்டி குடித்துவிட்டுப் போனதும், அடுத்த வண்டி வருவதற்குள் தொட்டியை நிரப்பியாக வேண்டும்.

இத்தனை இருந்தும் முறை வென்றது. பிரிட்டனின் முக்கியப் பாதைகளில் பரவியது, அமெரிக்காவுக்கும் போனது. 1928-ல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை சுமார் 630 கி.மீ. தூரத்தை ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் நிற்காமல் ஓடியபோது, நைஜல் கிரெஸ்லி டெண்டருக்குள்ளேயே ஆள் நடக்க ஒரு குறுகிய வழி அமைத்தார். பாதி வழியில் டிரைவரும் ஃபயர்மேனும் அதன் வழியே வந்து ஆள் மாறினார்கள். ஆள் மாற்ற வழி செய்தவர் கிரெஸ்லி. தண்ணீருக்கு நிற்காமல் போக முடிந்தது ராம்ஸ்பாட்டத்தின் தொட்டியால்.

நம்ம ஊருக்கு ஏன் வரவில்லை?

இங்கே வழக்கமாக இருந்தது, ஸ்டேஷன் ஓரத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்கும் தண்ணீர்க் குழாய்தான். வண்டி நிற்கும், குழாயை டெண்டர் மேல் திருப்புவார்கள், நிரம்பியதும் கிளம்பும்.

காரணத்தை யோசித்தால் புரியும். தொட்டிப் பாதை லாபமாக இருக்க, நிற்காமல் பறக்கும் ரயில்கள் அடிக்கடி வர வேண்டும். திருச்சி - மானாமதுரை மாதிரி மீட்டர் கேஜ் பாதையில் வண்டி எப்படியும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கும். அதோடு, சித்திரை வெயிலில் திறந்த தொட்டியில் தண்ணீரை எந்நேரமும் நிரப்பி வைப்பது நம்ம புதுக்கோட்டைப் பக்கம் நடக்கிற காரியமா? ஒரு ஊருக்குச் சரியான தீர்வு எல்லா ஊருக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கடைசிக் காலம்

1862-ல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் மொத்த இன்ஜின் பிரிவும் ராம்ஸ்பாட்டத்தின் கைக்கு வந்தது. ஒரே அச்சில் வார்த்தது போல இன்ஜின்களைக் கட்டும் முறையை க்ரூவில் வேரூன்றச் செய்தார். அவர் வடிவமைத்த டிஎக்ஸ் சரக்கு இன்ஜின் 900-க்கும் மேல் கட்டப்பட்டது. ஒன்றின் உதிரிப் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

1871-ல் உடல்நிலையைக் காரணம் காட்டி க்ரூவை விட்டு விலகினார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேக்கு ஆலோசகராகி, ஹார்விச் பணிமனைத் திட்டத்துக்கு உதவினார். 1897 மே 20-ல், 82 வயதில் காலமானார்.

1968-ல் பிரிட்டனின் முக்கியப் பாதைகளில் நீராவி ரயில் சேவை முடிந்தது. டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வழித் தண்ணீர் தேவையில்லை என்பதால் தொட்டிகளும் போய்விட்டன. ராம்ஸ்பாட்டம் என்ற பெயர் இன்றைக்கு ரயில் ஆர்வலர்களுக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் நாளைக்குக் காலையில் அரிமளம் கடைத்தெருவில் ஒருவர் பைக்கைக் கிக்கர் அடித்துக் கிளப்பும்போது, உள்ளே சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கும் அந்த மெல்லிய வளையம், 170 வருஷம் முன்பு அவர் போட்ட வளையத்தின் வாரிசுதான்.