செங்கல் அடுக்கிய கரங்கள்

மொனாக்கோ நாட்டின் இளவரசியாக விளங்கிய கிரேஸ் கெல்லியின் பெயரை நம் பெற்றோர் நன்கு அறிவர். அவரைப் பெற்றெடுத்த தந்தை ஜான் கெல்லியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் ஸ்கூல்கில் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் படகுக் கழகங்களின் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, 1865-ல் தோன்றிய வெஸ்பர் படகுக் கழகம். 1900, 1904 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகுப் பந்தயத்தில் முதலிடம் பெற்றது இக்கழகமே. (பெண்களுக்கென ஒரு கழகம் அவ்வரிசையில் தோன்ற 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நாம் குறித்துக்கொள்வோம்!)

அந்த ஆற்றை அடுத்த பகுதியில், அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளுள் ஒருவராக 1889-ல் கெல்லி பிறந்தார். இளமையிலேயே கொத்து வேலை பழகினார். செங்கல் அடுக்கிய கரங்களே துடுப்பையும் பிடித்தன. முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியபின் வெஸ்பர் கழகத்தின் தலைசிறந்த படகோட்டியானார்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் நடைபெறும் ஹென்லி படகுப் பந்தயத்தில் வெல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1920-ல் விண்ணப்பித்தார். பயணத்துக்கு ஆயத்தமாக இருந்த வேளையில், அனுமதி இல்லை என்று தந்தி வந்தது. மறுப்புக்குக் காரணம் இரண்டு. 1905-ல் ஹென்லிக்குச் சென்ற வெஸ்பர் குழுவினர் பொதுமக்களிடம் பணம் திரட்டியதால் அக்கழகத்துக்கு 1906-ல் தடை விதிக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, கூலிக்கு உடலுழைப்புச் செய்தவர் எவரும் அங்கே போட்டியிடலாகாது என்னும் விதி. முதற்காரணத்தையாவது ஒருவாறு ஏற்கலாம். ஆனால் உழைத்துப் பிழைத்ததை ஒரு குற்றமாக எழுதி வைத்ததை எவ்வாறு ஏற்பது? நம் ஆண்டவரும் தச்சுத் தொழில் செய்தவரன்றோ!

அதே ஆண்டில் பெல்ஜியத்தில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. தனியாள் படகுப் பந்தயத்தின் இறுதியில் கெல்லியை எதிர்த்தவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்டு. கெல்லிக்கு இடமில்லாத அந்த ஹென்லியில் சில வாரங்களுக்கு முன் வென்றவர் அவரே. ஒரே ஒரு வினாடி வித்தியாசத்தில் கெல்லி வென்றார். கைகுலுக்கவும் இயலாதபடி இருவரும் களைத்துப் போயினராம். இருந்தும், ஏறக்குறைய அரைமணி நேரத்தில், தம் உறவினர் பால் காஸ்டெல்லோவுடன் இருவர் படகிலும் அவர் தங்கம் பெற்றார். 1924-ல் பாரிஸில் அதே இணை மீண்டும் வென்றது.

பின்னர் கட்டடத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டினார். 1935-ல் நகரத் தந்தை பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆயினும் ஹென்லியை அவர் மறக்கவில்லை. கூலித் தொழிலாளரை விலக்கிய விதி 1937-ல் நீக்கப்பட்டது. தம் பெயரையே தாங்கிய மகனைச் சிறுவயது முதல் அவர் பழக்கினார். 1946-ல் மகன் ஹென்லியின் இறுதிப் பந்தயத்தில் தோற்றான். தந்தையும் மகனும் ஊர் திரும்பி மீண்டும் பயிற்சியைத் தொடங்கினர். 1947-ல், தந்தைக்கு மறுக்கப்பட்ட அதே தனியாள் பந்தயத்தில் மகன் வென்றான். 1949-ல் மறுபடியும் வென்றான்.

கெல்லி 1960-ல் இறைவனடி சேர்ந்தார். 1964-ல் டோக்கியோவில் வெஸ்பர் கழகத்தின் எண்மர் படகு மீண்டும் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டில் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் கெல்லிக்குச் சிலை எழுப்பினர். படகில் அமர்ந்து, இரு கைகளிலும் துடுப்பைப் பற்றியபடி அவர் அங்கே காட்சி தருகிறார்.