சிறையில் பிறந்த தீர்மானம்



மேலூர் ரோட்டில் போகும்போது, ஒத்தக்கடைக்கு அருகே 2004-ம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையைப் பார்க்கிறீர்கள். கறுப்பு அங்கி அணிந்த பெண்கள் அங்கே செல்வது இன்று யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த வழியில் மிகுந்த பிரயாசையோடு முன்னே நடந்தவர்களில் ஒருவர் துர்காபாய் தேஷ்முக். அவருடைய சரித்திரத்தில் நம் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு.

துர்காபாய் 1909-ல் ராஜமகேந்திரியில் பிறந்தார். எட்டு வயதிலேயே அவருக்கு விவாகம் செய்துவைத்தார்கள். விவரம் தெரிந்தபின் அந்த வாழ்வை அவர் ஏற்கவில்லை. 1923-ல் காக்கிநாடா காங்கிரஸ் கூடியபோது, கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றார். டிக்கெட் இல்லாமல் வந்த ஒருவரை உள்ளே விட மறுத்தார். வந்தவர் ஜவாஹர்லால் நேரு! டிக்கெட் வாங்கிய பிறகே வழிவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, 1930-க்கும் 1933-க்கும் இடையே மும்முறை சிறை சென்றார். மதுரைச் சிறையில் தனிக்கொட்டடியில் அடைபட்டு, தேகம் நலிந்து வெளியே வந்தார். ஆனால் தம் துன்பத்தைவிட வேறொன்று அவர் மனத்தை வாட்டியது. சிறைவாசத்தில் அவர் கண்ட ஏழைப் பெண்களில் பலர் சட்டம் அறியாமலும், தமக்காகப் பேச ஆளில்லாமலும் தண்டனை பெற்றிருந்தார்கள். இவர்களுக்காகப் பணம் வாங்காமல் வாதாட வேண்டும், அதற்குச் சட்டம் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

பள்ளிப்படிப்பே முடியாதவர் வக்கீலாவது எப்படி? வயது வந்தபின் மெட்ரிக்குலேஷனிலிருந்து தொடங்கினார். பட்டம் பெற்று, 1942-ல் சட்டப் படிப்பையும் முடித்துச் சென்னையில் வக்கீலானார். இதற்கிடையே, 1937-லேயே ஆந்திர மகிளா சபையைச் சென்னையில் நிறுவி, தம்மைப் போல் படிப்பு தடைப்பட்ட பெண்களைப் பரீட்சைக்குத் தயாராக்கினார்.

1946-ல் அரசியல் நிர்ணய சபை அங்கத்தினரானார். பின்னர் திட்டக் கமிஷனிலும் இருந்தார். 1953-ல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட்டு வேண்டுமென்று வற்புறுத்தியவரும் அவரே. 1981-ல் அவர் காலமானார். அவர் விரும்பிய குடும்பநலக் கோர்ட்டுச் சட்டம் 1984-ல் வந்தது.

பெற்றோரே, இன்று வழக்கு நடத்தப் பணமில்லையே என்று எந்தப் பெண்ணும் அழ வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம். இதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். படிப்பைப் பாதியில் விட்ட மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், மீண்டும் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். காலம் கடந்துவிடவில்லை.