கணக்கறிந்த நடேசய்யர்

கொழும்பிலிருந்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக அட்டனுக்கு ஏறும் பெருவீதியில், களனியாற்றின் கரையில் உள்ளது கித்துல்கல. குவாய் நதிப் பாலம் என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்காக இங்கே ஒரு பாலம் கட்டப்பட்டு, படத்திற்காகவே தகர்க்கவும் பட்டது. அதனால் உலகினர் இவ்வூரை அறிவர். சுற்றியுள்ள சரிவுகளில் இரப்பரும் தேயிலையும் வளர்த்து லயங்களில் வாழ்ந்த தமிழ் மக்களை அறிந்தோர் சிலரே. அம்மக்களின் உழைப்பு எங்கே போகின்றது என்று கணக்குக் கேட்டவர்களுள் முன்னின்றவர் கோ. நடேசய்யர்.

1887இல் தஞ்சை மாவட்டத்திற் பிறந்த அவர், வாணிகக் கல்வி கற்பித்தவர். கணக்கு முறைகளைப் பற்றித் தமிழில் நூல் எழுதியவர். வர்த்தக மித்திரன் என்னும் இதழை நடத்திய காலத்தில், 1915ஆம் ஆண்டளவில், அவ்விதழின் பொருட்டே இலங்கை வந்தார். வணிகரைக் காண வந்த கண்கள் தோட்டங்களைக் கண்டன. அயலார் தோட்டத்துட் புகுதல் அக்காலத்தில் குற்றம். ஆதலின் புடைவை வியாபாரிபோல் மூட்டை சுமந்து உள்ளே சென்றார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

ஆங்கே அவர் கண்டதும் ஒரு கணக்கே. கப்பற்செலவு, வழிச்செலவு, அரிசி, கம்பளி அனைத்தும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். பெரிய கங்காணிக்கோ ஆள்தோறும் தலைக்காசு கிடைக்கும். கடன்தொகை எழுதிய துண்டு ஒன்றைப் பெற்றே ஒருவன் வேறு தோட்டத்திற்குப் பெயரலாம். துண்டோடு கடனும் உடன்செல்லும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடன் எளிதில் ஒழியவில்லை. வரவும் செலவும் இருபுறம் நிற்றல் வேண்டும் என்று மாணாக்கர்க்குக் கற்பித்தவருக்கு, ஒருபுறம் மட்டுமே நிரம்பிய இக்கணக்கு எத்தகைய வியப்பைத் தந்திருக்கும்! மற்றொரு புறம் எழுதப்பட்ட ஏடு இலண்டன் மாநகரில் இருந்தது. தேயிலையின் விலை அந்நகரின் மின்சிங் லேன் ஏலத்தில் முடிவாயிற்று. இலாபத்தின் பங்கும் அங்குள்ள பங்குதாரர் கைக்கே சென்றது.

நடேசய்யர் இலங்கையிலேயே தங்கினார். தேசநேசன் இதழை நடத்தினார். 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குத் தெரிவாகித் தோட்டக் கூலியைப் பற்றி ஆங்கேயும் வாதாடினார். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வகுக்கப்பட்டது. இரப்பர் மிகுந்த தாழ்நிலத் தோட்டங்களுக்கு அதனினும் சில சதம் குறைவு. கொழுந்து கொய்வோர் பெரும்பாலும் பெண்டிர். கொய்யும் கைக்கே குறைந்த கூலி என்பது எவ்வகை நீதியோ, அறியேன்.

அக்கூலியும் நிலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் மூண்ட பொருளாதார மந்தம் உலகெங்கும் பரவியது. தேயிலை விலையும் இரப்பர் விலையும் வீழ்ந்தன. சில ஆண்டுகளுள் குறைந்தபட்சக் கூலியும் வெட்டப்பட்டது. வேலையிழந்தோர் பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அந்நாளிலேதான், 1931இல், அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் நிறுவினார். முன்னர் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவுடன் தோளிணைந்து தொழிற்சங்கப் பணி செய்தவர், இந்தியத் தொழிலாளரை எதிர்க்கும் போக்கு ஆங்கே வளரவே, பிரிந்து வந்திருந்தார். பண்டம் விலைபோகாத காலத்தில் ஏழை ஏழையைப் பகைக்கின்றான். ஏலம் கூறுவோன் பகைப்புலனுக்கு எட்டுவதில்லை.

அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளைக் கூறாது விடுதல் தகாது. கூட்டங்களில் அவர் பாடினார். தாமே பாடல் இயற்றி நூலாக்கினார். இலக்கணம் பார்த்துக் குறை கூறும் எம்போன்ற பண்டிதர்க்கு அப்பாடல்கள் எளியனவாகத் தோன்றலாம். எழுத்தறியாத மக்கட்குச் செய்தி சொல்ல வேறு வழி யாது? யானும் பலகாலம் அவற்றை இலக்கியம் என எண்ணாதிருந்தேன். அது என் பிழையே.

1936இல் அட்டன் தொகுதியினின்று அரசாங்க சபை சென்ற நடேசய்யர், 1947 வரை அதில் இருந்தார். ஆயின் 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களிற் பரவவே அவர் செல்வாக்குத் தேய்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மஸ்கெலியாவில் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் காலமானார்.

மறு ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்கள் கொய்த தேயிலை முன்போலவே கொழும்புத் துறைமுகத்தினின்று கப்பலேறியது.