நாரையிடம் பாடம் படித்த மனிதர்

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் கழுவெளி ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து இறங்கும். தரை தொடுமுன் அவை எதிர்காற்றை நோக்கித் திரும்பும். சிறகை அகல விரித்து வேகத்தைக் குறைக்கும். பிறகுதான் காலை நீட்டும். உப்பளத்தில் பாடுபடுகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

ஜெர்மனியில் ஒரு மனிதர் இந்தக் காட்சியைப் பார்த்ததோடு நிற்கவில்லை. தாமும் அப்படிப் பறக்க ஆசைப்பட்டார். அவர்தான் ஓட்டோ லிலியென்தால்.

1848-ஆம் ஆண்டு ஆங்க்லாம் என்ற ஊரில் அவர் பிறந்தார். தம்பி குஸ்தாவுடன் வயல்வெளிக்குப் போய் நாரைகளைக் கவனிப்பதே சிறுவயதுப் பொழுதுபோக்கு. வளர்ந்ததும் பெர்லினில் நீராவி எஞ்சின் செய்யும் தொழிற்சாலை வைத்தார். லாபத்தில் கால் பங்கைத் தொழிலாளருக்கே கொடுத்த முதலாளி அவர். அந்தக் காலத்தில் இது பெரிய அதிசயம்!

பறவைகள் பறக்கும் விதம் பற்றி 1889-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1891-இல் தாமே பறந்தார். மெல்லிய மரக்கம்புகளால் சட்டம் கட்டி, துணி போர்த்திய இறக்கை அது. எஞ்சின் கிடையாது. இத்தகைய விமானத்தைக் கிளைடர் என்பார்கள். நடுவில் தொங்கிக்கொண்டு, காலையும் உடலையும் ஆட்டித்தான் அதைத் திருப்ப வேண்டும்.

அவர் துணிச்சல்காரர், ஆனால் முரடர் அல்ல. முதலில் தோட்டத்தில் தாழ்ந்த மேடையிலிருந்து குதித்துப் பழகினார். பிறகே குன்றுகளுக்குப் போனார். ஒருமுறை தலைகீழாக விழுந்தபோது, முன்னால் கட்டியிருந்த மரவளையம் அடியைத் தாங்கி உயிரைக் காத்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 2,000 தடவை பறந்தார். எல்லாவற்றையும் கூட்டினால் வானத்தில் இருந்த நேரம் ஐந்து மணி அளவுதான்! ஒவ்வொரு பறப்பும் சில விநாடிகள். ஆபத்து வந்தால் யோசிக்க எங்கே நேரம்?

1896 ஆகஸ்டு 9, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோல்ன் கிராமத்துக் குன்று. நல்ல வெயில். முதலில் பறந்தவை 250 மீட்டர் வரை அழகாகப் போயின. மீண்டும் ஒருமுறை பறந்தபோது கிளைடரின் மூக்கு திடீரெனக் கீழே சாய்ந்தது. உடலை எவ்வளவு ஆட்டியும் நிமிரவில்லை. சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் பிரிந்தது.

அவரிடம் குறைந்தது கவனமா? இல்லை. உடலை ஆட்டுவது ஒன்றே அவருக்கு இருந்த கடிவாளம். மூக்கு கீழே சாய்ந்துவிட்டால் அது போதாது என்பதை முந்தைய பறப்புகளிலேயே அவர் கண்டிருந்தார். இருந்தும் அதே முறையில் தொடர்ந்தார்.

அமெரிக்காவில் வில்பர் ரைட் இந்தச் சாவைப் பற்றிப் படித்தார். அவரும் தம்பி ஆர்வில்லும் பறக்கும் முன்பே, தரையில் நின்றபடி முடிவு செய்தார்கள்: மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் தனிப்பலகை ஒன்றை முன்னால் வைப்பது, கடற்கரை மணல்மேல் தாழ்வாகவே பழகுவது. கிட்டி ஹாக் கடற்கரையில் கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை பறந்த பிறகே எஞ்சின் பூட்டினார்கள். 1903 டிசம்பர் 17-இல் விமானம் பறந்தது.

ஸ்டோல்ன் கிராமத்துக்கு 1989-இல் ஒரு விருந்தாளி வந்தது. நான்கு எஞ்சின் கொண்ட பெரிய பயணி விமானம். அதற்குக் கிடைத்ததோ ஒரு கிலோமீட்டர்கூட நீளமில்லாத புல்தரை! புழுதி பறக்க அது பத்திரமாக இறங்கி நின்றது. இன்றும் அங்கேயே காட்சிப் பொருளாக நிற்கிறது. லிலியென்தாலின் மனைவி ஆக்னஸின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.